விசையும் எதிர்விசையும்: ஜோடியைத் தவறாமல் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

"ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான எதிர்விசை உண்டு." பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் நியூட்டனின் மூன்றாம் விதியான இந்த வரியைச் சொல்லிவிடுவார்கள். அவர்களிடமே இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். மேஜை மேல் ஒரு புத்தகம் இருக்கிறது. பூமி அதைக் கீழே இழுக்கிறது. அந்த விசைக்கு எதிர்விசை எது? "மேஜை புத்தகத்தை மேலே தாங்குகிறதே, அதுதான்" என்ற பதில் வரும். அது தவறு. நன்றாகப் படித்தவர்களும், சில சமயம் பாடம் நடத்துகிறவர்களும் இதே பதிலைச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

வரி மனப்பாடமாக இருக்கிறது. விதி கைக்கு வரவில்லை. நல்ல பாடநூல்கள் அடுத்த வரியிலேயே, இந்த இரண்டு விசைகளும் வெவ்வேறு பொருட்களின் மீது செயல்படுகின்றன என்று சொல்லியிருக்கும். நாம் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிறோம். என்னைக் கேட்டால், விதியின் உயிர் அந்த இரண்டாவது வரியில்தான் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்வதற்கான வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன். கணக்கு அதிகம் தேவைப்படாது. ஒரு தாள், பென்சில், சமையலறையில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு, நூல், கையளவுக் கல், ஒரு காந்தம், ஒரு பலூன் இருந்தால் எல்லாவற்றையும் நீங்களே செய்து பார்க்கலாம்.

படி 1: ஒவ்வொரு விசைக்கும் இரண்டு பெயர் எழுதுங்கள்

"பந்தின் விசை", "மாட்டின் விசை" என்று பேசும் பழக்கத்தை முதலில் விடுங்கள். விசை ஒரு பொருளுக்குள் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் சரக்கு இல்லை. இரண்டு பொருட்களுக்கு இடையே நடப்பது அது. செலுத்துவது ஒன்று, அதற்கு உள்ளாவது மற்றொன்று. எனவே தாளில் எழுதும்போது இப்படி எழுதுங்கள்:

கை சுவரைத் தள்ளுகிறது.
பூமி மாம்பழத்தை இழுக்கிறது.
கயிறு வாளியை இழுக்கிறது.
தண்ணீர் படகை மேலே தள்ளுகிறது.

"ஈர்ப்பு விசை கீழ்நோக்கிச் செயல்படுகிறது" என்று எழுதினால் போதாது. எது ஈர்க்கிறது, எதை ஈர்க்கிறது? இரண்டு பெயரையும் சொல்ல முடியாவிட்டால், நீங்கள் நினைக்கும் விசை உண்மையிலேயே இருக்கிறதா என்று ஒரு முறை சந்தேகப்படுங்கள். வீசிய பந்து காற்றில் பறக்கும்போது "முன்னோக்கி ஒரு விசை" இருப்பதாகப் பலர் படம் வரைகிறார்கள். அதைச் செலுத்துவது எது? கை எப்போதோ பந்தை விட்டுவிட்டது. பெயர் இல்லை, ஆகவே விசையும் இல்லை. பந்தின் மீது இருப்பவை பூமியின் இழுப்பும் காற்றின் தடையும் மட்டுமே.

படி 2: பெயர்களை இடம் மாற்றுங்கள்

எழுதிய வாக்கியத்தில் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றுங்கள். தள்ளுவது தள்ளுவதாகவும் இழுப்பது இழுப்பதாகவும் இருக்கட்டும். திசையை மட்டும் திருப்புங்கள். கை சுவரைத் தள்ளுகிறது. சுவர் கையைத் தள்ளுகிறது. பூமி மாம்பழத்தைக் கீழே இழுக்கிறது. மாம்பழம் பூமியை மேலே இழுக்கிறது. தண்ணீர் படகை மேலே தள்ளுகிறது. படகு தண்ணீரைக் கீழே தள்ளுகிறது.

ஜோடி கிடைத்துவிட்டது. அளவு எப்போதும் சமம், திசை எப்போதும் எதிர். அசையாமல் நிற்கும்போது மட்டும் சமம், வேகமெடுக்கும்போது மாறும் என்பதெல்லாம் கிடையாது. ஜோடி இரண்டும் ஒரே வகை விசையாக இருக்கும். ஒன்று ஈர்ப்பு என்றால் மற்றதும் ஈர்ப்பு, ஒன்று உராய்வு என்றால் மற்றதும் உராய்வு. இரண்டும் ஒரே கணத்தில் தோன்றி ஒரே கணத்தில் மறையும். முதலில் விசை, அதற்குப் பதிலாகப் பின்னர் எதிர்விசை என்ற வரிசை இயற்கையில் இல்லை. எதை விசை என்றும் எதை எதிர்விசை என்றும் அழைப்பது உங்கள் விருப்பம். மேடைகளில் இந்த விதியைச் செய்த வினைக்குப் பின்னால் வரும் பலனோடு இணைத்துப் பேசுவதுண்டு. அறம் சொல்லட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தப் பேச்சுதான் "பின்னால் வருவது எதிர்விசை" என்ற எண்ணத்தைப் பிள்ளைகள் மனதில் ஆழமாகப் பதித்துவிடுகிறது.

படி 3: புத்தகமும் மேஜையும்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். "பூமி புத்தகத்தை இழுக்கிறது" என்பதை இடம் மாற்றினால் "புத்தகம் பூமியை இழுக்கிறது" என்று வருகிறது. இந்த ஜோடியில் மேஜைக்கு இடமே இல்லை. மேஜை வேறொரு ஜோடியைச் சேர்ந்தது: மேஜை புத்தகத்தை மேலே தள்ளுகிறது, புத்தகம் மேஜையைக் கீழே அழுத்துகிறது. ஆக, நம் முன்னால் இருப்பது இரண்டு ஜோடிகள், நான்கு விசைகள்.

விசையை அளக்கும் அலகு நியூட்டன். அரை கிலோ புத்தகம் என்றால் பூமி இழுப்பது 4.9 நியூட்டன், மேஜை தாங்குவதும் 4.9 நியூட்டன். அளவு சமம், திசை எதிர், பிறகு ஏன் ஜோடி இல்லை என்ற கேள்வி நியாயமானது. இரண்டுமே புத்தகத்தின் மீது செயல்படுகின்றன, ஒன்று ஈர்ப்பு, மற்றது தொடு விசை. இந்த இரண்டு காரணங்களே போதும். ஆனாலும் மனம் ஒப்பாதவர்களை நான் லிஃப்டுக்குள் அழைத்துப் போவேன்.

லிஃப்டுக்குள் நிற்கும் உங்கள் நிறை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பூமி உங்களை இழுக்கும் விசை 588 நியூட்டன். லிஃப்ட் நிற்கும்போது தளம் உங்களைத் தாங்குவதும் 588. லிஃப்ட் மேலே கிளம்பும்போது, வினாடிக்கு வினாடி 1 மீட்டர் வேகம் கூடுகிறது என்றால், தளம் உங்களை 648 நியூட்டன் விசையோடு தள்ள வேண்டும். அந்தச் சில நொடிகளில் கால் கனப்பது இதனால்தான். பூமியின் இழுப்பு மாறவில்லை, தளத்தின் தள்ளல் மாறிவிட்டது. ஜோடியாக இருந்தால் ஒன்று மாறும்போது மற்றதும் அதே அளவு மாறியிருக்க வேண்டும். மேஜை மேல் அவை சமமாக இருந்தது புத்தகம் அசையாமல் இருந்ததால்தான். அது சமநிலை. சமநிலை வேறு, விசை எதிர்விசை வேறு. இந்த ஓர் இடத்தைத் தாண்டிவிட்டால் மற்றவை தானாகத் திறந்துகொள்ளும்.

படி 4: தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர்

இதைப் படித்துவிட்டுப் போகாமல் செய்து பாருங்கள். டிஜிட்டல் தராசின் மேல் முக்கால் டம்ளர் தண்ணீர் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். சுட்டுவிரலைத் தண்ணீருக்குள் மெதுவாக இறக்குங்கள். டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. விரலை உங்கள் கைதான் தாங்கிக்கொண்டிருக்கிறது. தராசின் மேல் எதையும் நீங்கள் வைக்கவில்லை. இருந்தும் எண் ஏறும். விரல் இன்னும் ஆழம் போகப் போக எண்ணும் கூடும். வெளியே எடுத்தால் பழையபடி இறங்கிவிடும்.

பெயர்களை எழுதிப் பாருங்கள். தண்ணீர் விரலை மேலே தள்ளுகிறது. இது நாமறிந்த மிதப்பு விசை. இடம் மாற்றினால், விரல் தண்ணீரைக் கீழே தள்ளுகிறது. தண்ணீர் டம்ளரை அழுத்துகிறது, டம்ளர் தராசை அழுத்துகிறது. விரலின் மூழ்கிய பகுதி 12 கன சென்டிமீட்டர் என்றால் தராசு 12 கிராம் கூடுதலாகக் காட்டும்.

அடுத்து கல்லை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். 130 கிராம் எடையும் 50 கன சென்டிமீட்டர் பருமனும் உள்ள கருங்கல் துண்டு என்று கொள்வோம். அடியில் தொடாமல் தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கினால் தராசு 50 கிராம் கூடும். நூலின் மேல் முனையில் பள்ளி ஆய்வகத்துச் சுருள்வில் தராசு இருந்தால் அது 130 கிராமிலிருந்து 80-க்கு இறங்கும். மேலே குறைந்த அதே 50 கீழே கூடியிருக்கிறது. ஒரே ஜோடியின் இரண்டு முகங்களையும் ஒரே நேரத்தில் இரண்டு கருவிகள் உங்களுக்குக் காட்டுகின்றன. இதைவிடத் தெளிவான பரிசோதனை வீட்டுக்குள் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நூலைத் தளர்த்திக் கல்லை அடியில் உட்கார விட்டால் கீழ்த் தராசு முழு 130 கிராமையும் காட்டும். அந்த 80 கிராம் கூடுதல் எந்த ஜோடியிலிருந்து வந்தது என்பதை நீங்களே எழுதிப் பாருங்கள்.

படி 5: ஒரு பொருளைச் சுற்றி வட்டம் போடுங்கள்

"மாடு வண்டியை எவ்வளவு இழுக்கிறதோ, அவ்வளவு வண்டியும் மாட்டைப் பின்னால் இழுக்கிறது. அப்படியானால் வண்டி எப்படி நகரும்?" இந்தக் கேள்வி மிகப் பழையது. நியூட்டன் 1687-இல் வெளியிட்ட தம் நூலில் இந்த விதியை விளக்க எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்றும் கயிற்றால் கல்லை இழுக்கும் குதிரைதான்.

விடைக்கு ஒரே ஒரு பழக்கம் போதும். எந்தப் பொருள் நகருமா என்று கேட்கிறீர்களோ அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். வெளியிலிருந்து அந்தப் பொருளின் மீது செயல்படும் விசைகளை மட்டும் கூட்டுங்கள். அந்தப் பொருள் மற்றவற்றின் மீது செலுத்தும் விசைகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை மற்றவற்றின் கணக்கு.

எண் போட்டுப் பார்ப்போம். ஒற்றை மாட்டு வண்டி. சரக்கோடு வண்டியின் நிறை 500 கிலோ, மாட்டின் நிறை 400 கிலோ. மாடு வண்டியை 400 நியூட்டன் விசையோடு இழுக்கிறது. தரையும் அச்சும் தரும் தடை 300 நியூட்டன். வண்டியைச் சுற்றி வட்டம் போட்டால் முன்னால் 400, பின்னால் 300. மிச்சம் 100 நியூட்டன். 500 கிலோ வண்டிக்கு அது வினாடிக்கு வினாடி 0.2 மீட்டர் வேகத்தைக் கூட்டும். வண்டி கிளம்பிவிட்டது.

இனி மாட்டைச் சுற்றி வட்டம். வண்டி மாட்டைப் பின்னால் இழுப்பது 400. அதே வேகமெடுப்போடு மாடும் போக வேண்டும் என்றால் அதற்கு 80 நியூட்டன் மிச்சம் வேண்டும். எனவே மாட்டை 480 நியூட்டன் விசையோடு முன்னே தள்ளுவது ஏதோ ஒன்று இருக்க வேண்டும். அது தரை. மாடு குளம்பை ஊன்றித் தரையைப் பின்னால் தள்ளுகிறது. தரை மாட்டை முன்னால் தள்ளுகிறது. சேற்றில் குளம்பு வழுக்கும்போது மாட்டின் பலம் எங்கும் போய்விடவில்லை. தரையைப் பிடித்துத் தள்ள முடியவில்லை, அதனால் தரையும் மாட்டைத் தள்ளவில்லை. சாட்டையை ஓங்குவதைவிடச் சக்கரத்துக்கும் குளம்புக்கும் கீழே வைக்கோலோ பலகையோ போடுவதுதான் அந்த இடத்தில் இயற்பியல் தெரிந்தவர் செய்யும் காரியம்.

நாம் நடப்பதும் இப்படித்தான், கயிறு இழுக்கும் போட்டியும் இப்படித்தான். கயிற்றின் எடையைப் பொருட்படுத்தாவிட்டால் இரு அணிகளும் ஒன்றையொன்று சமமாகவே இழுக்கின்றன. வெற்றி பாதத்துக்கும் தரைக்கும் இடையில் தீர்மானமாகிறது.

படி 6: விசை சமம், விளைவு சமமில்லை

பஸ்ஸும் ஸ்கூட்டரும் மோதினால் ஸ்கூட்டர் மீது விழும் விசைதான் பெரிது என்று தோன்றும். சேதத்தைப் பார்த்து விசையை மதிப்பிடுவதால் வரும் மயக்கம் இது. 10,000 கிலோ பஸ், ஓட்டுபவரோடு சேர்த்து 200 கிலோ ஸ்கூட்டர், மோதும் கணத்தில் விசை 20,000 நியூட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் மீதும் அதே 20,000. பஸ்ஸுக்கு அது வினாடிக்கு வினாடி 2 மீட்டர் என்ற வேக மாற்றம். ஓட்டுநர் பிரேக் பிடித்தது போலத்தான் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். ஸ்கூட்டருக்கு அது வினாடிக்கு வினாடி 100 மீட்டர். உடல் தாங்காது. விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம் என்ற இரண்டாம் விதி இங்கே கூடவே வந்து நிற்கிறது. மூன்றாம் விதியைத் தனியாகக் கற்பிப்பது வீண் வேலை என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

200 கிராம் மாம்பழம் விழும்போது அது பூமியைச் சுமார் 2 நியூட்டன் விசையோடு மேலே இழுக்கிறது. பூமியின் நிறை 6-க்குப் பின்னால் 24 பூஜ்யம் போட்ட அத்தனை கிலோ. அசைவை அளக்கவே முடியாது. நிலா மாம்பழத்தைப் போலச் சிறியதில்லை. அதன் இழுப்பில் பூமி உண்மையாகவே அசைகிறது. பூமியும் நிலாவும் சேர்ந்து சுற்றும் பொதுமையம் பூமியின் நடுவிலிருந்து ஏறக்குறைய 4,700 கிலோமீட்டர் தள்ளி, பூமிக்கு உள்ளேயே இருக்கிறது.

படி 7: ஏன் சமமாக இருந்தே தீர வேண்டும்?

விதி என்று சொல்லிவிட்டால் நம்பிவிட வேண்டுமா? நியூட்டன் அப்படி விடவில்லை. ஊசல்களை மோதவிட்டு அளந்தார். காந்தத்தையும் இரும்பையும் தனித்தனிக் கலங்களில் வைத்து அசையாத தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்தார். இரண்டாவதை நீங்களும் செய்யலாம். அகலமான பேசினில் தண்ணீர் நிரப்பி, இரண்டு பிளாஸ்டிக் மூடிகளை மிதக்கவிடுங்கள். ஒன்றில் காந்தம், மற்றதில் சில இரும்பு ஆணிகள். மின்விசிறியை நிறுத்துங்கள், தண்ணீர் அடங்கட்டும். மூடிகள் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து ஒட்டிக்கொள்ளும். காந்தம்தான் இழுக்கிறது, ஆணி சும்மா வருகிறது என்று நினைப்பவர்கள் காந்தம் இருக்கும் மூடியும் நகர்வதைக் கவனிக்க வேண்டும்.

முக்கியமானது ஒட்டிய பிறகு நடப்பது. இரண்டும் நின்றுவிடுகின்றன. காந்தம் ஆணியை இழுப்பது, ஆணி காந்தத்தை இழுப்பதைவிடத் துளியேனும் கூடுதலாக இருந்தால் என்ன ஆகும்? ஒட்டிய ஜோடி யாரும் தொடாமலே ஒரு பக்கமாக ஓட ஆரம்பித்து, கரை தட்டும்வரை வேகமெடுத்துக்கொண்டே போக வேண்டும். எரிபொருள் இல்லாத படகு கிடைத்துவிடும். அது நடப்பதில்லை. சின்ன மூடிகள் இரண்டு அசையாமல் நிற்பது இவ்வளவு பெரிய செய்தியைச் சொல்கிறது.

படி 8: பின்னால் சுவர் தேவையில்லை

அமெரிக்காவில் கிளார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் கோடார்ட், ராக்கெட்டை நிலாவரை அனுப்ப முடியும் என்று எழுதியபோது, 1920 ஜனவரி 13 அன்று நியூயார்க் டைம்ஸ் அவரைத் தலையங்கத்தில் கேலி செய்தது. வெற்றிடத்தில் உந்தித் தள்ள எதுவும் இல்லையே, பள்ளிப் பாடமே இவருக்குத் தெரியவில்லையே என்பது அதன் வாதம். கோடார்டோ காற்று நீக்கிய கலத்துக்குள் ராக்கெட்டை எரித்துச் சோதித்து, உந்துதல் குறையவில்லை என்று ஏற்கெனவே கண்டிருந்தார். நிலாவில் மனிதரை இறக்க அப்பல்லோ 11 கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, அந்த நாளிதழ் தவறைத் திருத்தி வெளியிட்டது. கோடார்ட் 1945-லேயே காலமாகிவிட்டார்.

அந்தத் தலையங்கத்தை எழுதியவர் இரண்டு பெயர்களை எழுதிப் பார்த்திருந்தால் போதும். ராக்கெட் வாயுவைப் பின்னே தள்ளுகிறது. வாயு ராக்கெட்டை முன்னே தள்ளுகிறது. இந்த வாக்கியங்களில் வெளிக்காற்று எங்கே வருகிறது? ஊதிய பலூனைக் கட்டாமல் விட்டால் ஓடுவதும் இதே கணக்கு. காற்று இருப்பதால் பலூனுக்குத் தடைதான் கூடுகிறது.

விண்வெளியில் வேலை செய்தவர்கள் இந்த விதியை உடம்பால் கற்றார்கள். 1966 ஜூனில் ஜெமினி 9 என்ற அமெரிக்க விண்வெளிப் பயணத்தில் யூஜின் செர்னான் விண்கலத்துக்கு வெளியே போனபோது, ஒரு திருகைத் திருப்பினால் அவரும் எதிர்த்திசையில் திரும்பினார். ஊன்றிக்கொள்ள இடமில்லை. சிறு வேலையும் பெரும் போராட்டமாகி, களைப்பில் முகக்கண்ணாடி ஆவியால் மூடிக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் ஜெமினி 12-இல் பஸ் ஆல்ட்ரின் தண்ணீருக்கடியில் பயிற்சி எடுத்துப் போனார். காலை மாட்டிக்கொள்ளும் பிடிகளும் கைப்பிடிகளும் கலத்தின் வெளிப்புறத்தில் பொருத்தப்பட்டிருந்தன. திருகு அவர் மீது செலுத்திய விசையைக் கால்பிடி வாங்கிக் கலத்துக்குக் கடத்தியது. வேலை ஒழுங்காக முடிந்தது. தரையில் நிற்கும் நமக்கு அந்தக் கால்பிடியாக இருப்பது உராய்வு. ஸ்பேனர் பிடிக்கும் எந்த மெக்கானிக்கும் வேலை தொடங்கும் முன் காலை அகட்டி ஊன்றிக்கொள்வதைப் பாருங்கள்.

பயிற்சிக்கு

இவற்றை மேலே சொன்ன வழியில் தாளில் எழுதி விடை கண்ட பிறகு கீழே படியுங்கள்.

சுருள்வில் தராசின் இரு முனைகளையும் இருவர் ஆளுக்கு 100 நியூட்டன் விசையோடு இழுக்கிறார்கள். தராசு எவ்வளவு காட்டும்? 100 தான். ஒரு முனையைச் சுவரில் மாட்டி ஒருவர் மட்டும் இழுத்தாலும் சுவர் அந்த முனையை 100 நியூட்டன் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். சுவருக்குப் பதில் ஆள் வந்ததால் தராசுக்கு எதுவும் மாறவில்லை.

ஹெலிகாப்டரின் வாலில் சிறிய விசிறி எதற்கு? என்ஜின் மேலே உள்ள பெரிய விசிறியை ஒரு பக்கம் சுழற்றுகிறது. அந்த விசிறி ஹெலிகாப்டரின் உடலை மறுபக்கம் சுழற்றப் பார்க்கிறது. வால் விசிறி அதைத் தடுக்கிறது.

காற்றுப் புகாத மூடிய பெட்டிக்குள் ஒரு குருவி. பெட்டி தராசின் மேல் இருக்கிறது. குருவி உட்காராமல் ஓரிடத்தில் சிறகடித்து அந்தரத்தில் நின்றால் தராசு குறைத்துக் காட்டுமா? குருவி காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று குருவியை மேலே தள்ளுகிறது, கீழே தள்ளப்பட்ட காற்று பெட்டியின் தளத்தை அழுத்துகிறது. சிறகடிப்புக்கு ஏற்ப எண் சற்று ஏறி இறங்கினாலும் சராசரி, குருவி உட்கார்ந்திருந்தபோது இருந்த அதே அளவுதான். குருவி வேகமெடுத்து மேலே கிளம்பும் கணத்தில் தராசு கூடுதலாகவே காட்டும். பெட்டிக்குப் பதில் கம்பிக் கூண்டு என்றால் கீழே தள்ளப்பட்ட காற்றில் ஒரு பகுதி கம்பி இடுக்குகள் வழியே வெளியேறித் தராசுக்கு அப்பாலுள்ள தரையை அழுத்தும். எண் அந்த அளவுக்குக் குறையும்.